மண்டிக்காரர் அனுப்பிய ஏபிகே கோப்பு: பணம் புழங்கும் போனில் நிறுவலாமா?

கேள்வி: குடியாத்தம் மளிகை

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் மளிகைக் கடை நடத்தி வருகிறேன். பருப்பு, மிளகாய், எண்ணெய் எல்லாவற்றையும் வேலூர் மண்டித் தெருவில் உள்ள ஒரே மொத்த வியாபாரியிடம்தான் என் தந்தையார் காலத்திலிருந்து எடுத்து வருகிறோம். இதுவரை சரக்குப் பட்டியலைத் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மாலைக்குள் விலை சொல்லிவிடுவார்கள், மறுநாள் வண்டியில் சரக்கு வந்து இறங்கிவிடும். இப்போது அவர்கள் கொள்முதலுக்கென்று தனியாக ஒரு செயலி செய்திருக்கிறார்கள். அது பிளே ஸ்டோரில் இல்லை. ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்பாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, வைகாசி பிறப்பதற்குள் எல்லாக் கடைக்காரர்களும் அதற்கு மாறிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சரக்கு எடுக்கும் நேரம் என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியவில்லை.

கோப்பைத் தொட்டதும், வாட்ஸ்அப்பிலிருந்து செயலிகளை நிறுவ அனுமதி இல்லை என்று போன் சொன்னது. அந்த அனுமதியைத் தந்த பிறகு, கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்ட் என்ற பெயரில் இன்னோர் அறிவிப்பு வந்தது. இந்தச் செயலி முக்கியமான தகவல்களைக் கேட்கக்கூடும், அதனால் பண மோசடிக்கு வாய்ப்பு கூடும் என்று கூறி நிறுவுவதையே அது தடுத்துவிட்டது. மீறி நிறுவுவதற்கான பொத்தான் எதுவும் அதில் இல்லை. மண்டியில் கணக்குப் பார்க்கும் தம்பியிடம் கேட்டபோது, பிளே புரொடெக்டை அணைத்துவிட்டு நிறுவுங்கள், பிறகு மறுபடியும் போட்டுக்கொள்ளலாம், மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

இதே போனில்தான் கடையின் நடப்புக் கணக்கும் யூபிஐ செயலிகளும் இருக்கின்றன. என் மனைவி பொறுப்பில் உள்ள மகளிர் குழுக் கணக்கின் குறுஞ்செய்திகளும் இந்த எண்ணுக்கே வருகின்றன. மண்டிக்காரர் நேர்மையானவர் என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. ஆனால் ஆள் நல்லவர் என்பதற்காக அவர் தரும் செயலியும் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் எதையுமே போடக் கூடாதா, போடுவதாக இருந்தால் எதையெல்லாம் பார்த்துப் போட வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: காட்பாடி கணினி

வணக்கம் ஐயா. மற்றதைச் சொல்வதற்கு முன் ஒன்று செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கு நீங்கள் தந்த அந்த அனுமதி இன்னும் அப்படியே இருக்கிறது. அதை இப்போதே திரும்பப் பெறுங்கள். செட்டிங்ஸில் செயலிகள் பகுதிக்குச் சென்று, சிறப்பு அணுகல் என்பதன் கீழ் 'அறியப்படாத செயலிகளை நிறுவுதல்' என்ற பக்கத்தைத் திறந்தால், போனில் உள்ள எந்தெந்தச் செயலிகளுக்கு வெளிக் கோப்பை நிறுவும் உரிமை இருக்கிறது என்ற பட்டியல் தெரியும். சில கம்பெனி போன்களில் இது பாதுகாப்பு அல்லது தனியுரிமைப் பகுதியில் இருக்கும். வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் என்று எது திறந்திருந்தாலும் மூடிவிடுங்கள். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-க்கு முன்பு வரை இது போன் முழுவதற்குமான ஒரே சுவிட்சாக இருந்தது. அதன் பிறகுதான் செயலிக்குச் செயலி தனித்தனியாகத் தரும் ஏற்பாடு வந்தது. ஒரு தேவைக்காகத் தந்த அனுமதியை வேலை முடிந்ததும் மூடாமல் விட்டால், அந்த மாற்றத்தால் கிடைத்த பயன் அத்தனையும் வீணாகிவிடும்.

இனி உங்களுக்கு வந்த தடுப்பு அறிவிப்பைப் பார்ப்போம். 'வைரஸ் இருக்கிறது' என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் இவ்வகை மோசடிகள் பெருகியதால், 2024 அக்டோபரில் கூகுள் நமக்கென்று ஒரு கூடுதல் தடுப்பை அறிவித்தது. இணைய உலாவி, செய்திச் செயலி, கோப்பு மேலாளர் ஆகியவற்றின் வழியே வரும் ஏபிகே கோப்பு, குறிப்பிட்ட நான்கு அனுமதிகளில் ஏதேனும் ஒன்றைக் கோருவதாக இருந்தால் அதை நிறுவவிடாமல் நிறுத்திவிடுவதுதான் அந்த ஏற்பாடு. குறுஞ்செய்தி வரும்போதே அதைப் பெறுவது, வந்த குறுஞ்செய்திகளைப் படிப்பது, மற்ற செயலிகளின் அறிவிப்புகளைப் படிப்பது, அணுகல்தன்மைச் சேவை ஆகியவையே அந்த நான்கு. ஆகவே அந்த அறிவிப்பு வந்தது என்றாலே, மண்டிக்காரரின் செயலி இந்த நான்கில் குறைந்தது ஒன்றையாவது கேட்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். துவரம்பருப்பு எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் செயலிக்கு இவற்றில் எதுவும் தேவையே இல்லை.

இந்த நான்கும் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வங்கி உங்களை அடையாளம் கண்டுகொள்ளும் ஓடிபி இவற்றின் வழியாகத்தான் போனுக்குள் வருகிறது. குறுஞ்செய்தியைப் படிக்கும் செயலி, அது வந்த நொடியிலேயே வேறோர் ஊரில் இருப்பவருக்கு அதை அனுப்பிவிட முடியும். உங்கள் கண்ணில் படுவதற்குள் அங்கே வேலை முடிந்திருக்கும். அணுகல்தன்மைச் சேவை இதைவிடவும் ஆழமானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்வதற்காக ஏற்பட்ட வசதி அது. ஆனால் அந்த உரிமையைப் பெற்ற தீய செயலி, உங்கள் திரையில் உள்ளதை எல்லாம் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும், அதை நீக்கப் போனால் அந்தப் பக்கத்தை மூடிவிடவும் முடியும். இதனால்தான் 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு அணுகல்தன்மையை நேராகத் தர முடியாதபடி அந்த வரி மங்கலாகவே காட்டப்படுகிறது. செயலி விவரப் பக்கத்தின் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுத் தடையை நீக்கினால்தான் அது திறக்கும். யாரேனும் உங்களை அந்த மூன்று புள்ளிகள் வரை கைப்பிடித்து அழைத்துச் சென்றால், அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆள் நல்லவர் என்பது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்; கேள்வியின் மையமே அதுதான். உங்கள் மண்டிக்காரர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு அவரிடமிருந்துதான் வந்தது என்பதற்கும், அதை எழுதிய நிரலாளர் கவனமானவர் என்பதற்கும் அவருடைய நேர்மை உத்தரவாதம் ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பகிர, அவரிடமிருந்து இன்னொருவர் பகிர என்று கைமாறி வரும் கோப்பு, நடுவில் மாற்றப்பட்டிருந்தாலும் பெயர் அதேதான் இருக்கும்.

இதற்கு ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஏற்பாடு கையொப்பம். ஒவ்வொரு ஏபிகே கோப்பும் அதைச் செய்தவர் மட்டுமே வைத்திருக்கும் ஒரு மறைத்திறவியால் (ரகசியச் சாவி போன்ற நீண்ட எண்) கையொப்பமிடப்பட்டிருக்கும். ஒரு செயலி ஏற்கெனவே போனில் இருந்தால், அதன் புதிய பதிப்பும் அதே கையொப்பத்தோடு வந்தால்தான் ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால், இருக்கும் செயலியோடு முரண்படுகிறது என்று சொல்லி நிறுத்திவிடும். காசு கட்ட வேண்டிய செயலிகளை இலவசமாக்கித் தருவதாகச் சொல்லும் 'மோட்' கோப்புகளை நான் எவருக்கும் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுவே. உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் மூலக் கையொப்பம் செல்லாமல் போகும். எனவே மாற்றியவர் தம் சொந்தக் கையொப்பத்தைப் போட்டே ஆக வேண்டும், அவர் யார் என்பது யாருக்கும் தெரியாது.

முதல் முறை நிறுவும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய கையொப்பம் எதுவும் போனில் இருக்காது. ஆதலால் அந்த முதல் நிறுவலில்தான் முழுக் கவனமும் தேவை. ஒரு வழி இருக்கிறது. கோப்பை நிறுவாமல் வைத்துக்கொண்டு, வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். பல பாதுகாப்பு நிறுவனங்களின் சோதனை முடிவுகள் முதல் பக்கத்தில் வரும். அதில் எல்லாம் பச்சையாக இருந்தாலும் அதோடு நிறைவடைந்துவிடாதீர்கள். புதிதாகச் செய்த தீய செயலி முதல் சில நாள்களுக்கு யார் வலையிலும் சிக்காமல் இருக்கலாம். விவரங்கள் என்ற அடுத்த பக்கத்துக்குச் சென்றால், அந்தச் செயலி கேட்கும் அனுமதிகளின் முழுப் பட்டியலும், கையொப்பச் சான்றிதழின் விவரமும், செயலியின் உள்பெயரும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம். ஏற்றிய கோப்பைப் பாதுகாப்பு ஆய்வாளர்களும் பார்க்க முடியும் என்பதால், மண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது முறை.

பிளே புரொடெக்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள். அணைக்கச் சொன்ன தம்பி தீய எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் மோசடிக்காரர்களும் இதே சொற்களைத்தான் சொல்வார்கள். கடைக்காரர்களுக்கு இந்தப் பழக்கத்தை அவரே ஏற்படுத்துவது நல்லதல்ல.

பதில் 2: சத்துவாச்சாரி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

முந்தைய பதில் அருமை. தொழில்நுட்பம் எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது. பணம் போன பிறகு மக்கள் வங்கிக்கு வந்து நிற்பதைப் பல ஆண்டுகள் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என்னைக் கேட்டால், பணப் பரிமாற்றம் நடக்கும் போனில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதுவுமே வேண்டாம் என்பேன். ஆவணி, தை போன்ற முகூர்த்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். போக்குவரத்து அபராத ரசீது என்றும், விவசாயிகளுக்கான அரசு உதவித்தொகைப் படிவம் என்றும், வங்கி கேஒய்சி புதுப்பிப்பு என்றும்கூட வருகிறது. உண்மையான அழைப்பிதழ் படமாகவோ, பிடிஎஃப் கோப்பாகவோ, காணொளியாகவோதான் இருக்கும். தொட்டால் திறக்கும், எதையும் நிறுவச் சொல்லாது. கோப்பின் பெயருக்குக் கீழே அளவு போட்டிருக்கும் சிறிய வரியில் ஏபிகே என்று இருந்தால், அது அழைப்பிதழே அல்ல.

அனுப்பியவர் சொந்த அத்தையாகவே இருந்தாலும் இது பொருந்தும். குறுஞ்செய்திகளைப் படிக்கும் செயலி ஒருவர் போனில் புகுந்துவிட்டால், வாட்ஸ்அப் கணக்கைப் பதிவு செய்யும் ஓடிபியும் திருடனுக்குப் போய்விடும்; பிறகு அவன் அவருடைய பெயரிலேயே குடும்பக் குழு, குடியிருப்போர் குழு என்று எல்லாவற்றிலும் அதே கோப்பைப் பரப்புவான். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்ற ரகசிய எண்ணை எல்லோரும் இன்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நிறுவிவிட்டவர்கள் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். முதலில் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, இணையத்தையும் சிம்மையும் துண்டியுங்கள். அடுத்து வேறொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்து, இணைய வங்கி, யூபிஐ, அட்டை எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அதே மூச்சில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி வெளியே எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்தி வைக்க வங்கிகளோடு பேசும் தேசிய உதவி எண் அது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். நேரில் போவதென்றால் குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிக்காரர்கள் வேலூர் மாவட்டச் சைபர் குற்றப் பிரிவுக்குப் போக வேண்டும். 2019-ல் மாவட்டம் மூன்றானதால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூரும் ஆற்காடு, வாலாஜாக்காரர்களுக்கு ராணிப்பேட்டையும் மாவட்டத் தலைமையிடம். எந்த மாவட்டம் என்ற குழப்பத்தில் நேரத்தை விடாமல் முதலில் 1930-ஐ அழைத்துவிடுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையையும் தெரிந்துகொள்வது நல்லது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நடந்த குறையால் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், இழப்பு வாடிக்கையாளருக்கு இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைப்பவர்கள் இழப்பது இந்த இடத்தில்தான். ஏமாந்தது யாராக இருந்தாலும் வீட்டில் அவர்களைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் பிள்ளைகளும் முதியவர்களும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

போனைத் திரும்பப் பயன்படுத்துவதற்கு முன், முக்கியமான படங்களை எடுத்து வைத்துக்கொண்டு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிடுவதே நிம்மதி. தீய செயலிகள் பல, நிறுவியவுடன் தம் சின்னத்தை மறைத்துவிடும். நீக்கிவிட்டோம் என்று நாமாக நினைத்துக்கொள்வது போதாது. அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம் என்பதால், ஹேஷ் ஹேஷ் 002 ஹேஷ் என்று அழுத்தி அழைத்து எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடுங்கள்.

பதில் 3: காட்பாடி கணினி

அம்மா எழுதியதில் ஒவ்வொரு வரியும் பயனுள்ளது. 'எதுவுமே வேண்டாம்' என்பதில் மட்டும் எனக்குச் சிறிது மாற்றுக் கருத்து உண்டு.

வெளியிலிருந்து நிறுவும் உரிமை ஆண்ட்ராய்டின் பெரிய வலிமை என்று நினைப்பவன் நான். எஃப்-டிராய்டு என்ற களஞ்சியம் 2010 முதல் இயங்கி வருகிறது. யாரும் நிரலைப் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற செயலிகளின் மூல நிரலை எடுத்துத் தாங்களே தொகுத்து அங்கே வெளியிடுகிறார்கள், விளம்பரமும் உளவும் இருந்தால் அதைக் குறிப்பிட்டே காட்டுகிறார்கள். சிக்னல் என்ற செய்திச் செயலியின் நிறுவனம் தன் செயலியைத் தன் தளத்திலேயே ஏபிகே கோப்பாகத் தந்து, கையொப்பச் சான்றிதழின் எண்ணையும் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. விரும்புகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து நிறுவலாம். மறுபக்கம், ஜோக்கர் என்று பெயர் பெற்ற தீநிரல் 2017 முதல் திரும்பத் திரும்பப் பிளே ஸ்டோருக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. ஆகவே வந்த வழியை மட்டும் பார்க்காமல், செய்தவர் யார், என்ன அனுமதி கேட்கிறது, அந்தப் போனில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நிலை. இவற்றைப் பார்க்க நேரமோ பழக்கமோ இல்லாதவர்களுக்கு அம்மாவின் விதியே சரியானது, அதை மறுக்கவில்லை.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் மளிகை

இருவருக்கும் மிக்க நன்றி. வாட்ஸ்அப்பின் அனுமதியை மூடிவிட்டேன். பட்டியலில் பார்த்தபோது கோப்பு மேலாளருக்கும் அனுமதி திறந்திருந்தது, அதையும் மூடினேன்.

மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, பெரியவனின் கல்லூரிக் கணினியில் கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்த்தோம். எந்த நிறுவனமும் தீங்கு என்று சொல்லவில்லை. ஆனால் அனுமதிப் பட்டியலில் குறுஞ்செய்தியைப் பெறுதல், குறுஞ்செய்தியைப் படித்தல், தொடர்பு எண்களைப் படித்தல் மூன்றும் இருக்கின்றன. அறிவிப்புகளைப் படிப்பதும் அணுகல்தன்மையும் இல்லை. செயலியைச் செய்த நிரலாளரிடம் மண்டிக்காரர் போனில் கேட்டார். கடைக்காரர் உள்ளே நுழையும்போது வரும் ஓடிபியைத் தானாக நிரப்புவதற்குத்தான் குறுஞ்செய்தி அனுமதி, பிளே ஸ்டோரில் போட்டால் அதை ஏற்க மாட்டார்கள் என்பதால் நேராகத் தருகிறோம் என்று பதில் சொன்னாராம். தொடர்பு எண்கள் எதற்கு என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

இந்த விளக்கம் நம்பத் தக்கதா? நம்பத் தக்கது என்றால், நிறுவிய பின் குறுஞ்செய்தி அனுமதியை மறுத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

பதில் 4: ராணிப்பேட்டை நிரலர்

வணக்கம் அண்ணா. நான் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல், காலணித் தொழிற்கூடங்களுக்கு இருப்புக் கணக்குச் செயலிகள் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் தந்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அந்த நிரலாளர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது. வேலை தெரியாமல் எளிய வழியில் போயிருக்கிறார். அதனால் வரும் ஆபத்து குறைந்துவிடாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குறுஞ்செய்தி அனுமதி கேட்கும் செயலிகளைப் பிளே ஸ்டோர் 2019 முதல் கட்டுப்படுத்தி வருகிறது என்பது உண்மை. ஓடிபியைத் தானாக நிரப்புவதற்கு அந்த அனுமதி வேண்டியதே இல்லை என்பதும் உண்மை. எஸ்எம்எஸ் ரெட்ரீவர் என்று கூகுள் ஒரு வழி வைத்திருக்கிறது. ஓடிபி செய்தியின் முடிவில் அந்தச் செயலிக்கே உரிய 11 எழுத்துக் குறியீடு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால், அந்த ஒரு செய்தி மட்டும் அந்தச் செயலிக்குப் போய்ச் சேரும். மற்ற எந்தக் குறுஞ்செய்தியும் அதன் கண்ணில் படாது. இதைச் செய்யச் சிலர் தயங்குவதற்குக் காரணம், நம் நாட்டில் வணிகக் குறுஞ்செய்தியின் வாசக மாதிரியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி. குறியீட்டைச் சேர்த்தால் வாசகத்தை மறுபடியும் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். சிறிய அலைச்சல்தான். அந்த அலைச்சலை மிச்சப்படுத்துவதற்காக, சரக்கு வாங்கும் ஒவ்வொரு கடைக்காரரும் தம் வங்கிச் செய்திகள் அனைத்தையும் ஒரு செயலிக்குத் திறந்து வைப்பது நியாயமே அல்ல. வேறு எதுவும் வேண்டாம், ஆறு இலக்கத்தைக் கையால் தட்டிக்கொள்ளலாம். அதில் யாருக்கும் கஷ்டம் இல்லை.

அனுமதியை மறுத்துவிட்டு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் அப்படி மறுக்க வழி இருக்கிறது. நன்றாக எழுதிய செயலி அதைத் தாங்கிக்கொண்டு இயங்கும். ஆனால் உங்கள் நிலையில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதை நிறுவ வேண்டுமானால் முதலில் பிளே புரொடெக்டை அணைத்தாக வேண்டும். அதோடு, அனுமதி தராவிட்டால் நகர மாட்டேன் என்று செயலி ஒவ்வொரு முறையும் கேட்கும். ஒரு நாள் கடையில் கூட்டமாக இருக்கும்போது உங்களையும் அறியாமல் 'அனுமதி' என்று தொட்டுவிடுவீர்கள், அல்லது கடைப் பையன் தொட்டுவிடுவான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நிரலாளர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாக் கடைக்காரர்களின் குறுஞ்செய்திகளையும் படிக்கும் உரிமை அந்தச் செயலிக்கு இருக்கும்போது, அவருடைய கணினியோ கையொப்பத் திறவியோ திருடுபோனால், அடுத்த பதிப்பு என்ற பெயரில் என்ன வேண்டுமானாலும் அத்தனை போன்களுக்கும் போய்ச் சேரும். கையொப்பம் சரியாகவே இருக்கும் என்பதால் ஆண்ட்ராய்டும் தடுக்காது. தேவையில்லாத அனுமதியைக் கேட்காமல் இருப்பது நிரலாளருக்கும் மண்டிக்காரருக்கும்கூடப் பாதுகாப்புதான்.

மண்டிக்காரர் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். இதை அப்படியே அவருக்கு அனுப்பிவையுங்கள். குறுஞ்செய்தி, தொடர்பு எண் அனுமதிகளை நீக்கச் சொல்லுங்கள்; ஒரு நாள் வேலைகூட ஆகாது. பிறகு பிளே ஸ்டோரில் நிரலாளர் கணக்கு ஒன்றைத் தொடங்கட்டும்; ஒருமுறை கட்ட வேண்டிய கட்டணம் 25 டாலர். முழு வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளகச் சோதனை என்ற பிரிவில் 100 பேர் வரை மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து, அவர்களுக்கு மட்டும் பிளே ஸ்டோர் வழியாகவே செயலியைத் தரலாம். புதுப்பிப்புகளும் தானாக வந்து சேரும். வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பும் வேலையே இருக்காது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளகச் சோதனையில் இருப்பவை வழக்கமான பரிசீலனைக்கு உட்படாமலும் போகலாம் என்பதால், பிளே ஸ்டோர் வழியாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அனுமதிப் பட்டியலைப் பார்க்காமல் விடக் கூடாது. கடைகள் நூறைத் தாண்டினால் முழு வெளியீட்டுக்குப் போக வேண்டும். புதிய தனிநபர் கணக்கு என்றால் அதற்கு முன் 12 பேரை வைத்து 14 நாள் மூடிய சோதனை நடத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஆகவே திருவிழாவுக்கு முன் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையில் இந்தத் தேவைக்குச் செயலியே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சரக்கைத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கையை எழுதி அனுப்புவதற்கு ஓர் இணையப் பக்கம் போதும். குரோமில் திறந்து முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டால் செயலி போலவே தெரியும், குறுஞ்செய்தியை அதனால் தொடவும் முடியாது.

கூகுளின் வரப்போகும் விதியையும் அவர் அறிந்திருக்க வேண்டும். பிளே ஸ்டோருக்கு வெளியே தரும் செயலிகளுக்கும் நிரலாளர் தம் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் அதை விரிப்பதாகத் திட்டம். அனுபவமுள்ளவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நிறுவுவதற்குத் தனி வழி இருக்கும் என்றும் பிறகு சொன்னார்கள். கடைக்காரர்களைக் கொண்டு தொழில் நடத்துகிறவர் அந்தத் தனி வழியை நம்பி இருக்க முடியாது.

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் மளிகை

தம்பிக்கு நன்றி. நீங்கள் எழுதியதை அப்படியே மண்டிக்காரருக்கு அனுப்பினேன். அவர் படித்துவிட்டு, தொடர்பு எண் அனுமதியையும் குறுஞ்செய்தி அனுமதியையும் நீக்கச் சொல்லிவிட்டதாகவும், திருவிழா முடியும் வரை பழையபடி தாளில் எழுதி அனுப்பலாம் என்றும் சொன்னார். ஏற்கெனவே நிறுவிவிட்ட கடைக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்கிறார். என்னிடம் பழைய போன் ஒன்றும் சும்மா கிடக்கிறது. சரக்குக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 5: காட்பாடி கணினி

நல்ல மண்டிக்காரர் ஐயா. மற்ற கடைக்காரர்களுக்கு மூன்று செய்திகள் போக வேண்டும். பிளே புரொடெக்ட் திரும்பப் போடப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும். பிளே ஸ்டோரில் வலது மேல்மூலைப் படத்தைத் தொட்டால் அது வரும். வாட்ஸ்அப்புக்குத் தந்த நிறுவல் அனுமதியை மூட வேண்டும். இப்போதைய செயலியை நீக்கிவிட்டு, புதியது பிளே ஸ்டோரில் வரும் வரை காத்திருக்க வேண்டும். பழையதை நீக்காமல் வைத்திருந்தால் புதியது நிறுவப்படாமலும் போகலாம். பிளே ஸ்டோர் வழியே வருவதற்கு வேறு கையொப்பம் இருக்க வாய்ப்புண்டு. இந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல், சரக்கு வண்டியில் போகும் பில்லோடு ஒரு துண்டுச் சீட்டாகவும் வைக்கச் சொல்லுங்கள். மண்டியின் பெயரைச் சொல்லி வேறு யாராவது 'புதிய பதிப்பு' என்று கோப்பு அனுப்பினால் கடைக்காரர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

பழைய போன் யோசனை நல்லது, அப்படியே செய்யுங்கள். அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டு, சிம் போடாமல் கடை வைஃபையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் முதன்மைக் கூகுள் கணக்கை அதில் ஏற்றினால், சேமித்த கடவுச்சொற்களும் படங்களும் தொடர்பு எண்களும் கூடவே வந்துவிடும். கடைக்கென்று தனியாக ஒரு கணக்கைத் திறந்து அதை மட்டும் போடுங்கள். உள்ளகச் சோதனைக்கு மண்டிக்காரரிடம் தர வேண்டிய மின்னஞ்சல் முகவரியும் அதுவாகவே இருக்கட்டும். நுழையும் ஓடிபி உங்கள் கைப்போனுக்கு வரும். பார்த்துப் பழைய போனில் தட்டிக்கொள்ளலாம்.